பல் சந்துக்கு வந்த அப்டேட்

திங்கட்கிழமை காலை பல்லக்கா சாவிக்கொத்தோடு மாடி ஏறியபோது, மேல்படியில் விசில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து, கைக்குட்டையை இறக்கி, செய்தி வாசிக்கிறவரைப் போல ஒவ்வோர் எழுத்தையும் துலக்கி வைத்துச் சொன்னார்.

"சனிக்கிழமை சாயங்காலத்துல இருந்து என் சம்சாரம் என்னைச் சந்தேகப்படறா."

பல்லக்கா பூட்டைத் திறப்பதை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்தாள். பதினொரு வருஷமாக அவரைத் தெரியும். அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த அத்தனை 'ச'வும் வழக்கமாக அவர் வாயில் விசிலாகத்தான் வரும். இப்போது ஒன்றுகூடச் சீறவில்லை.

"உள்ள வாங்க மாஸ்டர்" என்றாள்.

பல்லக்காவின் சொந்தப் பல்லுக்கு ஒரு குறையும் இல்லை. பல்செட்டு செய்கிறவள் என்பதால் தெருவில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சலூனுக்கு மேலே இரண்டு அறைகள்தான் அவளுடைய லேப். முன்னறையில் கம்ப்யூட்டரும், பல் அச்சை அளந்து திரைக்குள் ஏற்றுகிற ஸ்கேனரும். பின்னறையில் பீரோ அளவுக்கு ஒரு மெஷின். திரையில் அவள் வரைந்ததை வெள்ளைக் கட்டியிலிருந்து அது குடைந்து எடுத்துக் கொடுக்கும். அதைத் தேய்த்து, மெருகேற்றி, டப்பாவில் போட்டு டாக்டர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் கணவரின் வேலை.

விசில் மாஸ்டர் முப்பது வருஷம் பந்தாட்ட நடுவராக இருந்தவர். கழுத்தில் விசில் தொங்கியதே கிடையாது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் பிறவியிலேயே ஒரு சந்து. அதில் நாக்கை வைத்து ஊதினால் பக்கத்து மைதானத்தில் நடக்கிற ஆட்டமும் நின்றுவிடும். பல் விழுந்த பிறகு பல்லக்காதான் அந்தச் சந்தை அப்படியே வைத்துச் செட்டு செய்து கொடுத்தாள். முன்னால் கொஞ்சம் அகலம், பின்னால் குறுகல், இடது பக்கமாக ஒரு சாய்வு. போன மாதம் அவர் செட்டைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, தானே அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். செட்டு இரண்டாகப் போயிற்று.

பழைய ஃபைல் இருக்கிறதே என்று பல்லக்கா அதை எடுத்துத் திறந்தாள், பட்டனைத் தட்டினாள், மெஷின் குடைந்தது, கணவர் தேய்த்தார். சனிக்கிழமை மத்தியானம் மாஸ்டரின் வாய்க்குள் புதுசு ஏறிவிட்டது. செய்ததையே திரும்பச் செய்கிற வேலை என்பதால் அவள் திரையை உற்றுக்கூடப் பார்க்கவில்லை. தப்பு அங்கேதான் நடந்தது.

"என்ன நடந்துச்சுன்னு மொதல்லேருந்து சொல்லுங்க" என்றாள்.

"வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டினேன். 'யாரு?'ன்னா. 'நான்தான்'னேன். 'எந்த நான்?'னு கேக்கறா."

"கதவுல பாக்கற ஓட்டை இல்லையா?"

"அதுல குளவி கூடு கட்டி ஒரு வருஷமாச்சு. சரின்னு விசில் அடிச்சுக் காட்டலாம்னு பாத்தேன். வெறும் காத்துதான் வருது. 'எங்க வீட்டுக்காரர் அடிச்சா கீழ்வீட்டு ஜன்னல் அதிரும், நீ யாருப்பா'ன்னுட்டா. கடைசியில எங்க கல்யாணத் தேதியைச் சொன்னேன்."

"அப்புறம்?"

"'அவர் அதை எப்பவும் தப்பாத்தான் சொல்லுவார், நீ சரியா சொல்றியே'ன்னு தாழ்ப்பாளையும் போட்டுட்டா. அரைமணி நேரம் வெளிய நின்னு பேசிப் பேசிப் பாத்தேன். முடியல. பல்லைக் கழற்றிட்டு 'ஏண்டி'ன்னு ஒரு தடவைதான் கூப்பிட்டேன். உடனே திறந்துட்டா."

அதிலிருந்து வீட்டில் பேச வேண்டுமானால் பல்லைக் கழற்ற வேண்டியிருந்தது, சாப்பிட வேண்டுமானால் மாட்ட வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நடுவில் ஞாபகப் பிசகாக 'கொஞ்சம் தண்ணி' என்று கேட்டுவிட்டார். மனைவி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

"எனக்கே பயமாத்தான் இருக்கு" என்றார் மாஸ்டர். "நாக்கு போற இடமெல்லாம் சுவரா இருக்கு. பேசினா எனக்கே என் மேல மரியாதை வருது."

பல்லக்கா கம்ப்யூட்டரைத் திறந்தாள். மாஸ்டரின் ஃபைலில் சந்தைக் காணோம். திரையின் மூலையில் எப்போதும் 11.4 என்று இருக்கிற இடத்தில் 12 என்று இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் சாப்ட்வேர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. புது வெர்ஷனுக்குச் சந்து என்றாலே ஆகாது. அவள் இரண்டு பல்லையும் பிடித்து விலக்கி வைத்தாள். கையை எடுத்ததும் இரண்டும் நகர்ந்து ஒட்டிக்கொண்டன. 'குறை கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது. புன்னகை செய்யுங்கள்' என்று எழுத்து வந்தது. மறுபடி விலக்கினாள். மறுபடி ஒட்டிக்கொண்டு, மறுபடி புன்னகை செய்யச் சொன்னது.

"இதுக்குப் போயா கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டறே?" என்று பின்னறையிலிருந்து கணவர் வந்தார். "அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்தா சந்து வந்துட்டுப் போகுது."

செட்டை வாங்கிக்கொண்டு போய் இழுத்தார். மாஸ்டர் மாட்டிக்கொண்டு ஊதினார். தண்ணீர் கொதிக்கிற கெண்டியின் சத்தம் வந்தது. சலூன் வாசலில் படுத்திருந்த நாய் மாடியேறி வந்து அவர் எதிரில் உட்கார்ந்தது. நம்பிக்கையை விடாமல் மாஸ்டர் மனைவிக்கு போன் செய்து, "நான்தான் பேசறேன்" என்றார். அவள் ராங் நம்பர் என்று வைத்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் இழுக்கலாமென்று கணவர் வாங்கிக்கொண்டு போனார். வெளிப்பக்கம் தேய்த்தால் உள்பக்கத்துச் சாய்வு வரவில்லை, உள்பக்கத்துக்கு அரம் போகவில்லை. இதற்கு மேல் தேய்த்தால் பல்லே முறிந்துவிடும் என்று பல்லக்கா பிடுங்கி வைத்தாள்.

ஆக, பழைய 11.4 வேண்டும். நல்லவேளையாக அதன் சி.டி. தட்டு மேஜை இழுப்பறையில் இருந்தது. மாஸ்டரும் உடைந்த பழைய செட்டை ஒரு சோப்பு டப்பாவில் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தார். இரண்டு துண்டையும் ஒட்டி, ஸ்கேனரில் வைத்து, 11.4-ல் புதிதாக வரைந்துவிட்டால் தீர்ந்தது. பன்னிரண்டை அழித்தாள். தட்டைப் போட்டுப் பதினொன்று புள்ளி நான்கை ஏற்றினாள். லைசென்ஸ் சரிபார்க்க ஒரு நிமிஷம் இன்டர்நெட் வேண்டும் என்று கேட்டது. கொடுத்தாள். சரிபார்த்தது, நன்றி சொன்னது. அவள் ஸ்கேனரின் மூடியைத் திறந்து மூடுவதற்குள் மூலையில் 12 வந்து நின்றது.

"கொல்லைப்பக்கமா வந்துடுச்சே!" என்றார் கணவர்.

அடுத்த முறை அப்டேட் அனுமதி கேட்கும்போதே மறுத்துவிடலாமென்று கண் கொட்டாமல் காத்திருந்தாள். கேட்கத்தான் செய்தது. 'இப்போதே' என்று ஒரு பட்டன், 'இன்னும் சற்று நேரத்தில்' என்று இன்னொரு பட்டன். 'வேண்டாம்' என்று சொல்ல இடமே இல்லை. உதவி எண்ணுக்கு போன் போட்டாள். தேன் தடவின குரலில் ஒருவர் பேசினார்.

"வேண்டாம்ங்கற பட்டன் பத்தாவது வெர்ஷன்ல இருந்துச்சு மேடம். பதினொண்ணுல எடுத்துட்டாங்க. நிறைய பேர் வருத்தப்பட்டதால இப்ப திரும்பக் கொண்டு வந்திருக்கோம்."

"அப்பாடா! எங்க இருக்கு?"

"பன்னிரண்டுல இருக்கு மேடம். நீங்க அப்டேட் பண்ணிக்கிட்டீங்கன்னா, அப்டேட் வேண்டாம்னு சொல்லிக்கலாம்."

பல்லக்கா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "சார், எனக்குப் பதினொண்ணுதான் வேணும். ஒருத்தருக்குப் பல் சந்து வேணும்."

"சந்துங்கறது குறை மேடம்."

"அந்தக் குறையை வெச்சுத்தான் அவர் முப்பது வருஷம் வேலை பாத்தாரு!"

"அந்தக் குறையைத்தான் மேடம் நாங்க இலவசமா சரி பண்ணித் தர்றோம்" என்றார் அவர், குரலில் ஒரு பிசிறு இல்லாமல். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டார்.

அடுத்ததாக ஆள்பலத்தை நம்பினார்கள். பல்லக்கா திரைக்கு முன்னால், கணவர் இன்டர்நெட் ஒயருக்குப் பக்கத்தில். லைசென்ஸ் சரிபார்த்த மறுநொடி அவள் குரல் கொடுக்க வேண்டும், அவர் ஒயரைப் பிடுங்க வேண்டும். மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவதாகச் சொன்னார். ஆட்டத்துக்கு நேரம் பார்த்துப் பழகிய கை.

"இப்ப!" என்றாள். கணவர் பிடுங்கினார். பின்னறையில் வேறொருவருக்குக் கடைவாய்ப் பல் குடைந்துகொண்டிருந்த மெஷின் பாதியில் நின்றது. ஒயர் மாறிவிட்டது.

இரண்டாவது முறை சரியான ஒயரைத்தான் பிடுங்கினார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூலையைப் பார்த்தார்கள். 11.4 என்றே இருந்தது. ஒரு நிமிஷம் போனது, இரண்டு நிமிஷம் போனது. மாஸ்டர் கைதட்டப் போனார். 12 என்று மாறியது.

"ஒயர் என் கையில இருக்கு" என்று கணவர் ஒயரைத் தூக்கிக் காட்டினார். "எந்த வழியா வந்துச்சு?"

கீழ்ச் சலூனின் வைஃபை வழியாக வந்திருந்தது. முன்பு ஒருநாள் பந்தாட்டம் பார்ப்பதற்காகச் சலூன்காரரிடம் கெஞ்சி அதை இணைத்து வைத்தவரே கணவர்தான். அதை அவர் ரொம்ப மெதுவான குரலில் ஒப்புக்கொண்டார். சலூன் இணைப்பை அறுத்துவிட்டு மறுபடி முயன்றார்கள். இந்த முறை அவர் சட்டைப்பையில் இருந்த போன் வழியாக வந்தது. அதையும் அணைத்துவிட்டு முயன்றபோது, முந்தின தடவையே இறக்கிப் பதுக்கி வைத்திருந்ததை எடுத்து ஏற்றிக்கொண்டது. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. அந்த எண்ணைச் சுவரில் பார்த்ததும் பல்லக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாப்பாவைக் கூப்பிடட்டா?" என்றார் கணவர், எங்கோ பார்த்துக்கொண்டு.

பாப்பா அவருடைய தங்கை. நாற்பது வயதாகியும் வீட்டில் அந்தப் பெயர்தான். இரண்டு தெரு தள்ளி ஓர் அலுவலகத்தில் எழுபது கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவள். பல்லக்காவும் அவளும் பேசி நாலு மாதம் ஆகிறது. பாப்பாவுக்கு மெஷின் தெரிந்த அளவுக்கு மனுஷர்களைத் தெரியாது என்று பல்லக்கா யாரிடமோ சொல்லி, அது போக வேண்டிய காதுக்குப் போய்விட்டது.

பல்லக்கா மாஸ்டரைப் பார்த்தாள். அவர் பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கன்னம் ஒட்டிப்போய், நாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நானே கூப்பிடறேன்" என்றாள்.

பாப்பா சாப்பாட்டு இடைவேளையில் வந்தாள். நாத்தனாரும் அண்ணியும் ஒருவரையொருவர் நேரே பார்க்கவில்லை. பாப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் திரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டாள்.

"தெருவை அடைச்சிருக்கீங்க" என்றாள். "ஆள் வீட்டுக்குள்ள இருக்கான் அண்ணி."

"எந்த ஆள்?"

"அப்டேட் பண்றதுக்குன்னே தனியா ஒரு குட்டி புரோகிராம். நீங்க 11.4 போடும்போது அதுவும் கூடவே வந்து உக்காந்துக்குது. பல்லு வரையறது அதோட வேலை இல்ல. புதுசு வந்திருக்கான்னு பாக்கறது, வந்தா ஏத்தறது. அவ்வளவுதான் அதோட பொழப்பு. அதை அழிச்சா, மெயின் புரோகிராம் திறக்கறப்ப திரும்பக் கொண்டாந்து வெச்சுக்கும்."

"அப்ப அழிச்சும் பிரயோஜனம் இல்லையா?"

"அழிச்சா பத்தாது. அதோட இடத்துல துண்டு போட்டு வைக்கணும். பஸ்ஸுல போடற மாதிரி."

அவள் செய்ததைப் பல்லக்கா பக்கத்தில் நின்று ஒன்று விடாமல் பார்த்தாள். முதலில் ஒயர், வைஃபை எல்லாவற்றையும் அறுத்தாள். பன்னிரண்டையும் அது பதுக்கி வைத்ததையும் தூர் வாரினாள். தட்டைப் போட்டு 11.4-ஐ ஏற்றினாள். ஏற்றி முடித்ததும் திறக்கவில்லை. பல்லக்கா இதுவரை அங்கேதான் அவசரப்பட்டிருந்தாள். பாப்பா உள்ளே போய், அப்டேட்காரன் குடியிருக்கும் ஃபோல்டரைத் தேடிப் பிடித்து அழித்தாள். தினமும் குறித்த நேரத்துக்கு அவனை எழுப்பிவிட ஓர் அலாரம் வைத்திருந்தார்கள், அதையும் நிறுத்தினாள். பிறகு அதே இடத்தில், அதே பெயரில், ஒன்றுமே இல்லாத ஒரு வெற்று ஃபைலை உண்டாக்கினாள். அதை யாரும் அழிக்கவோ மாற்றவோ முடியாதபடி பூட்டினாள்.

"அவ்வளவுதானா?" என்றார் கணவர். "உள்ள ஒண்ணுமே இல்லையே?"

"துண்டுக்குள்ள என்ன இருக்கும்? அது கிடந்தா போதும். திரும்பி வர்றவன் தன் பேர்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கறதைப் பாத்துட்டு ஃபோல்டர் போட இடமில்லாமப் போயிடுவான்."

ஒயரை மாட்டினார்கள். பல்லக்கா சாப்ட்வேரைத் திறந்தாள். லைசென்ஸ் சரிபார்த்தது. எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள். பெட்டி ஒன்று எழும்பியது. பல்லக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"படிங்க அண்ணி."

'அப்டேட் நிறுவ முடியவில்லை. நிறுவ வேண்டியது ஏற்கெனவே இருக்கிறது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்று இருந்தது. மூலையில் 11.4. பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். கம்ப்யூட்டரை அணைத்து ஏற்றினார்கள். 11.4. கணவர் சலூன் வைஃபையை வேண்டுமென்றே இணைத்துப் பார்த்தார். அப்போதும் 11.4. பாப்பா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பாதுகாப்பு சம்பந்தமா ஏதாவது வந்தா மட்டும் என்னைக் கேளுங்க. ஒரேயடியா எல்லாத்தையும் அடைச்சு வெச்சுக்கிட்டு உக்காந்துடக் கூடாது. மத்தபடி இந்தக் கம்ப்யூட்டர்ல வேற எதையும் திறக்காதீங்க, பல்லு மட்டும் வரைங்க."

"சாப்பிட்டியா?" என்றாள் பல்லக்கா.

"இல்ல."

டப்பாவில் இருந்ததைப் பாதி பிரித்துத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். பாப்பா நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனாள். நாலு மாதத்துப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

உடைந்த செட்டை ஒட்டி அளவெடுத்து, சந்தைத் துல்லியமாக வரைந்து முடிக்கப் பல்லக்காவுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் மூலையை ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். மெஷின் இரண்டு மணி நேரம் குடைந்தது. கணவர் அரத்தை எடுக்கவே இல்லை, துணியால் மட்டும் மெருகேற்றினார். வெயில் தாழ்கிற நேரத்துக்கு மாஸ்டர் செட்டை மாட்டிக்கொண்டு, நாக்கை மடித்து, ஊதினார்.

ஸ்கேனரின் கண்ணாடி மூடி கிணுகிணுத்தது. நாய் நாலு காலையும் பரப்பிக்கொண்டு தரையோடு ஒட்டியது. கீழே சலூனில் கத்தி வழுக்கி, ஒருவருக்கு மீசை ஒரு பக்கம் போய்விட்டது. அவர் சத்தம் போட்டுக்கொண்டு மாடியேறி வந்தார். மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப ஸ்ஸந்தோஷம்" என்றார். அந்த ஆள் மிச்ச மீசையைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனார்.

விஷயம் முடிந்தது என்றுதான் பல்லக்கா நினைத்தாள். புதன்கிழமை காலை மாஸ்டரின் மனைவி வந்தாள். மெலிந்த, நிமிர்ந்த பெண்மணி. கதவருகிலேயே நின்று, முதலில் பல்லக்காவின் கணவரைப் பின்னறைக்கு அனுப்பும்படி கண்ணால் காட்டினாள். கணவர் போய்விட்டார்.

"சனிக்கிழமை ஒருத்தர் வந்தாரே" என்றாள்.

"யாரும்மா?"

"எங்க வீட்டு வாசலுக்கு. தெளிவாப் பேசினாரே, அவரு."

"அம்மா, அது உங்க வீட்டுக்காரர்தான்."

"அது இப்பத் தெரியுது. அந்தப் பல்லு இருக்கா?"

பல்லக்கா அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவள் குடிக்காமல் தம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கதவுக்கு வெளிய நின்னு அரைமணி நேரம் பேசினார். திறக்கக் கூடாதுன்னு இருந்தாலும் காதுல விழுந்துச்சு. நான் இல்லாட்டி ஒரு வேளை ஓடாதுன்னார். சின்ன வயசுல என்னைத் தனியா விட்டுட்டு ஊர் ஊரா ஆட்டத்துக்குப் போனது தப்புன்னார். யாரோ எவரோ, நம்ம வீட்டுக் கதையை இவ்வளவு அழகாச் சொல்றாரேன்னு நினைச்சேன். நேத்து அவரைக் கேட்டேன். 'இதையெல்லாம் எத்தனையோ வருஷமா சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்'ங்கறார்." தம்ளரைக் கீழே வைத்தாள். "நான் அதையெல்லாம் விசில்னு நினைச்சுட்டேன்மா."

அரம் பட்ட செட்டு குப்பைக்குப் போயிருந்தது. சந்தில்லாத பல் வேண்டுமென்றால் பன்னிரண்டை மறுபடி ஏற்ற வேண்டுமோ என்று பல்லக்கா ஒரு கணம் பயந்தாள். உதவி எண்ணுக்குக்கூட போன் செய்து பார்த்தாள். அதே தேன்குரல், பன்னிரண்டு இப்போது கிடைக்காது, நேற்றிலிருந்து பதின்மூன்று வந்துவிட்டது, அதில் எல்லாருக்கும் பல் ஒரே அளவுதான் என்றது. போனை வைத்துவிட்டு 11.4-ஐத் திறந்தாள். திங்கட்கிழமை வரைந்ததை எடுத்து, இரண்டு முன்பல்லையும் தானே நகர்த்தி ஒட்டி வைத்தாள். கையை எடுத்தாள். வைத்த இடத்தில் இருந்தன. எதுவும் அவளைப் புன்னகை செய்யச் சொல்லவில்லை.

மத்தியானம் செட்டு தயாரானது. மாஸ்டரின் மனைவி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்களே அவர்கிட்ட குடுத்துடுங்க. நான் கேட்டேன்னு சொல்ல வேண்டாம்."

மாஸ்டர் வந்தபோது பல்லக்கா டப்பாவை நீட்டினாள். "இது எதுக்கு? எனக்குத்தான் ஸ்ஸரியா இருக்கே" என்றார்.

"வீட்டுக்குள்ள போற வரைக்கும் வாயில இருக்கறதையே போட்டுக்குங்க. கதவு திறந்தப்புறம் இதைப் போட்டுக்கிட்டு உக்காந்து பேசுங்க. கேள்வி கேக்காதீங்க மாஸ்டர்."

இப்போதெல்லாம் அந்த வீட்டு வழியாகப் போகிறபோது மூன்றாம் மாடியிலிருந்து சத்தம் கேட்கிறது என்று பல்லக்காவின் கணவர் சொல்கிறார். மாஸ்டர் சொல்வது ஒவ்வொன்றும் மனைவிக்கு விளங்க ஆரம்பித்ததில், ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. நாற்பது வருஷத்துக்குச் சேர்த்து இருந்தது. தினம் ஒரு சண்டையாவது நடக்கிறது. மாஸ்டர் லேபுக்கு வந்து இதைச் சொன்னபோது, பல்லக்கா பயந்துபோய்ச் செட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அவர் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினார். சண்டை ரொம்ப முற்றினால் அவர் திரும்ப விசில் பல்லை மாட்டிக்கொள்கிறாராம்.